நான்கு கட்டத்துக்கு இரண்டு விடை: ‘மதிப்பு’ குறுக்கெழுத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் மாதாமாதம் ஒரு சிறு இதழ் கொண்டுவருகிறது. எட்டுப் பக்கம். நகலெடுத்து, மடித்து, நடுவில் பின் அடித்துக் கொடுப்பது. கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்து இருக்கும். எல்லாம் சரியாக எழுதியவர்களின் பெயர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒருவருக்கு 200 ரூபாய்க்குப் புத்தகம் கொடுப்போம். பரிசு சின்னதுதான். ஆனால் பெயர் இதழில் வருவதை எங்கள் வாசகர்கள் பெரிதாக நினைப்பவர்கள்.

புதிர் அமைப்பவர் ஓய்வு பெற்ற நகை மதிப்பீட்டாளர். ஒரு வங்கியில் நகைக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் உரைகல்லும் தராசுமாக இருந்தவர். எல்லோரும் அவரை ‘சார்’ என்றே கூப்பிடுவோம். மெய்ப்புப் பார்ப்பதும் விடைத்தாள் திருத்துவதும் என் பொறுப்பு.

சித்திரை இதழுக்கு ‘மதிப்பு’ என்ற பொருளில் புதிர் போடலாம் என்றார் சார். அட்சய திருதியை வரும் மாதம், கடைவீதி முழுக்கப் பொன் பேச்சாக இருக்கும், பொருத்தமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். எனக்கும் பிடித்திருந்தது.

தமிழ்க் கட்டத்தின் தன்மை

நடந்தது புரிய வேண்டுமென்றால் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்குள் வரக்கூடியது 26 எழுத்துகளில் ஒன்று. தமிழில் 247 எழுத்துகளில் ஒன்று. ‘த’ வேறு, ‘தி’ வேறு, ‘த்’ வேறு. இரண்டு சொற்கள் ஒரு கட்டத்தில் சந்திக்க வேண்டுமென்றால் அந்த உயிர்மெய் அப்படியே ஒத்துவர வேண்டும். அதனால்தான் நம் பத்திரிகைகளில் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாமல், வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்களைப் போடுகிறார்கள். அப்படிப் போட்டும் கறுப்புக் கட்டங்கள்தான் நிறைய. ஒரு சொல்லில் ஒரு கட்டம், மிஞ்சினால் இரண்டு கட்டம்தான் வேறொரு சொல்லைத் தொடும்.

குறுக்கே வரும் சொல் கொடுக்கும் உதவி அவ்வளவு குறைவு. பாரம் முழுவதும் குறிப்பின் மேல் விழுகிறது. குறிப்பு தளர்ந்தால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் பெயர்ச்சொற்களில் ஏராளமானவை ‘ம்’ என்று முடிகின்றன. இரண்டு சொற்களைச் சந்திக்க வைக்க எளிய வழி, இரண்டையும் ‘ம்’-இல் கொண்டுவந்து முடிப்பது. பார்க்கக் கட்டம் அழகாகப் பின்னியிருப்பது போலத் தெரியும். ஆனால் அந்தச் சந்திப்பு எதையும் சோதிப்பதில்லை, ஏனென்றால் தவறான விடைக்கும் அதே ‘ம்’ பொருந்திவிடும்.

சித்திரைப் புதிர்

கட்டம் 11-க்கு 11. பெரும்பாலான குறிப்புகள் நன்றாகவே இருந்தன. ‘முன்பு ஒரு ரூபாய்க்கு 64 (3)’ என்பதற்குக் காலணா; அடைப்புக்குறிக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை. 1957 ஏப்ரலில் நயா பைசா வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்கு நான்கு காலணா. பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டியைக் கேட்டிருப்பார்கள். ஆனால் கேட்டுக் கிடைக்கும் விடை ஒன்றே ஒன்றுதான். ‘கையில் இருந்தால் காசு, ஆளிடம் இருந்தால் நேர்மை (4)’ என்பது நாணயம். இந்தக் குறிப்பை நான் இன்றும் ரசிக்கிறேன். ஒரு சொல்லின் இரண்டு பொருளையும் காட்டி, வேறு சொல்லுக்கு இடமில்லாமல் அடைத்துவிடுகிறது.

சிக்கல் வந்தது இந்த நான்கில்:

7, இடமிருந்து வலம்: ‘பொருளின் தகுதி இவ்வளவு என்பது (4)’. சார் நினைத்த விடை மதிப்பு.

7, மேலிருந்து கீழ்: ‘பேர் எடுத்தவருக்கு ஊரில் கிடைப்பது (3)’. மவுசு.

12, இடமிருந்து வலம்: ‘உயர்வாகப் போற்றப்படுவது (5)’. விழுமியம்.

19, வலமிருந்து இடம்: ‘விலை இல்லாதது (5)’. இலவசம்.

அச்சுக்கு முன் நான் பார்த்தது இரண்டே விஷயம்: எழுத்துப்பிழை, கட்டங்களின் எண்ணிக்கை. விடைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். விடை தெரிந்த கண்ணுக்கு எல்லாக் குறிப்பும் சரியாகவே தெரியும்.

விடைத்தாள்களில் கண்டது

34 தாள்கள் வந்தன. விடைப்பட்டியலை வைத்து நேராகத் திருத்தினேன். மூன்று தாள்களில் 7-க்கு ‘பெறுமதி’, கீழே ‘பெருமை’. தவறு என்று சிவப்பு மையில் கோடு போட்டேன். நான்கைந்து பேர் விழுமியத்துக்குப் பதிலாக ‘விழுப்பம்’ எழுதியிருந்தார்கள். அதற்கும் கோடு. 19-இல் மூன்று பேர் ‘மாணிக்கம்’ என்று எழுதியிருந்தார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதை அப்போது கவனிக்கவில்லை.

ஒரே மாதிரித் தவறு பல தாள்களில் வந்தால் அங்கே நின்று யோசித்திருக்க வேண்டும். நிற்கவில்லை. வைகாசி இதழில் விடைகளும் பரிசு பெற்றவர் பெயரும் வந்துவிட்டன.

அஞ்சலட்டை

பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. அனுப்பியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாகத் திருச்சியில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. கட்டத்தின் அந்த மூலையை அளவுகோல் வைத்து வரைந்து, பெறுமதியையும் பெருமையையும் நிரப்பி, கீழே இரண்டு வரி எழுதியிருந்தார்: ‘எல்லாக் கட்டமும் பொருந்துகின்றன. பிழை எது என்று அறியத் தந்தால் திருத்திக்கொள்வேன்.’

கோபமோ குறையோ அதில் இல்லை. கணக்கு வாத்தியார் கேட்கும் கேள்வி. அதனாலேயே எனக்கு மனம் சங்கடப்பட்டது.

வீட்டிலேயே வெள்ளைத் தாளில் கட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். ம-தி-ப்-பு, பெ-று-ம-தி, இரண்டும் நான்கு. ம-வு-சு, பெ-ரு-மை, இரண்டும் மூன்று. இரு சொற்களும் சந்திப்பது முதல் கட்டத்தில் மட்டும். மதிப்பு என்று எழுதினால் ‘ம’, கீழே மவுசு இறங்குகிறது. பெறுமதி என்று எழுதினால் ‘பெ’, கீழே பெருமை இறங்குகிறது. மற்ற கட்டங்கள் எதையும் தொடவில்லை. அதாவது ஒரே மூலைக்கு முழுமையான இரண்டு தீர்வுகள். அவர் விடையில் பிழை இல்லை.

பேசியது

சாரைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலை ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். சார் முதலில் தன் பக்கத்தைச் சொன்னார். இதழ் திருச்சியில் வருகிறது, இங்கே யாரும் பெறுமதி என்று சொல்வதில்லை, வழக்கில் இருக்கும் சொல்லைத்தானே எதிர்பார்க்க முடியும் என்றார். அது நியாயமில்லாத வாதம் அல்ல. அகராதியில் இருக்கும் எந்தச் சொல்லையும் ஏற்பது என்று ஆரம்பித்தால் புதிருக்கு முடிவே இருக்காது.

ஆசிரியை தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: “முப்பது வருசம் பிள்ளையளுக்கு இடப்பெறுமானம் படிப்பிச்சனான், தம்பி. கடையில கட்டுற வரிக்கும் பெறுமதி சேர் வரி எண்டுதான் பேர். மதிப்பு எண்டால் எங்களுக்கு முதல்ல மனசில வாறது ஆளுக்குக் குடுக்கிற மரியாதை.”

இங்கே இடமதிப்பு, அங்கே இடப்பெறுமானம். இங்கே மதிப்புக் கூட்டு வரி, அங்கே பெறுமதி சேர் வரி. நமக்கு அகராதிச் சொல்லாகத் தெரிவது அவருக்குக் கடைச்சீட்டிலும் பாடப்புத்தகத்திலும் புழங்கிய சொல்.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: “அப்படிப் பார்த்தால் நாமும்தானே சொல்கிறோம், அந்த மாடு நாற்பதாயிரம் பெறும், இது காலணா பெறாது என்று. வினை நம்மிடம் இருக்கிறது. பெயரைத்தான் விட்டுவிட்டோம்.”

அங்கிருந்து பேச்சு அவர் தொழிலுக்குப் போனது. ஆசிரியை கையில் கிடந்த காப்பைக் காட்டி, வங்கியில் இதை எப்படிக் கணிப்பீர்கள் என்று கேட்டார். சார் விரலாலேயே மேசையில் கோடு போட்டு விளக்கினார். முதலில் உரைகல்லில் இழுத்து மாற்று, அதாவது பொன்னின் தரம், பார்ப்பது. 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு பொன். எடை போட்டுக் கல்லின் எடையையும் அரக்கின் எடையையும் கழிப்பது. வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் எதுவும் கணக்கில் வராது. மிஞ்சுவதற்கு அன்றைய கிராம் விலை. அதிலும் ஒரு பங்கைத்தான் கடனாகக் கொடுப்பார்கள். “கடைக்காரர் சொன்னது ஒன்று, நான் எழுதுவது ஒன்று, விற்றால் கைக்கு வருவது இன்னொன்று. மூன்றையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் கவுண்டரில் வந்து சண்டை போடுவார்கள்.”

அவர் சொல்லி முடித்ததும் மூவருக்கும் ஒரே விஷயம்தான் தோன்றியிருக்க வேண்டும். அந்த மூன்றுக்கும் தமிழில் மூன்று சொற்கள் இருக்கின்றன. விலை என்பது வில் என்ற வினையிலிருந்து வந்தது, விற்பவர் சொல்வது. மதிப்பு என்பது மதி என்ற வினையிலிருந்து வந்தது. ஒருவர் பார்த்துக் கணிக்க வேண்டும், கணிப்பவர் இல்லாமல் மதிப்பு இல்லை. பெறுமதி என்பது அந்தப் பொருள் எவ்வளவு பெறும் என்பது. ‘பொருளின் தகுதி இவ்வளவு என்பது’ என்ற குறிப்பு இம்மூன்றில் எதையும் சுட்டவில்லை. சொல்லப்போனால் மதிப்பைவிடப் பெறுமதிக்குத்தான் அது நெருக்கம்.

மற்ற இரண்டு குறிப்புகள்

விழுப்பம் பற்றி அதிக நேரம் பேசவில்லை. திருக்குறளின் 131-ஆவது குறளில் ஒழுக்கம் தருவதாகச் சொல்லப்படுவது விழுப்பம்தான். விழுமியம் இன்று பாடநூல்களில் பரவலாக வரும் சொல். இரண்டும் ‘விழு’ என்று தொடங்கி ‘ம்’ என்று முடிகின்றன. எங்கள் கட்டத்தில் இந்தச் சொல்லை இரண்டாம் கட்டத்தில் ‘பழுது’ தொட்டது, கடைசிக் கட்டத்தில் இன்னொரு சொல்லின் ‘ம்’ தொட்டது. ‘ழு’வும் ‘ம்’மும் இரண்டு விடைக்கும் பொருந்தும். இரண்டு இடத்தில் பின்னியும் ஒரு பயனும் இல்லை. (இதே குடும்பத்தில் விழுமம் என்றொரு சொல் உண்டு. தொல்காப்பியம் அதற்குச் சீர்மை, சிறப்பு என்பவற்றோடு இடும்பை என்ற பொருளையும் சொல்கிறது. உயர்வுக்கும் துன்பத்துக்கும் ஒரே சொல் என்பது என்னை விட்டுப் போகவே இல்லை. தனிக் கட்டுரையாக எழுத வேண்டியது.)

‘விலை இல்லாதது’தான் கடினமாக இருந்தது. 2011-க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களில் ‘இலவச’ என்ற சொல் இருந்த இடத்துக்கு ‘விலையில்லா’ வந்தது. விலையில்லா மிதிவண்டி, விலையில்லா மடிக்கணினி. அந்தப் பெயரில் மிதிவண்டி வாங்கிய பிள்ளைகள் யோசிக்காமல் இலவசம் என்று எழுதினார்கள். பெரியவர்களுக்கோ ‘விலையில்லா மாணிக்கம்’ என்பது காதில் ஊறிய தொடர். அவர்களுக்கு விலையில்லாதது என்றால் விலை சொல்லவே முடியாத அளவு உயர்ந்தது. காசு வேண்டாத பொருள், எவ்வளவு காசு கொடுத்தாலும் போதாத பொருள் என்று எதிரெதிரான இரண்டு பொருள்கள் ஒரே சொல்லில் இருக்கின்றன. விடைத்தாளை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் இருந்தன. அச்சிட்ட விடையே இறுதி என்று நிற்பது. மாற்று விடைகளை ஏற்பது. சிக்கலான குறிப்புகளை மொத்தமாக நீக்குவது. ஆசிரியையே மூன்றாவதைத்தான் சொன்னார். தன் ஒருத்திக்காக மற்றவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்பது அவர் நினைப்பு.

நாங்கள் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தோம். பெறுமதி-பெருமை இணையையும் விழுப்பத்தையும் சரியான விடைகளாக ஏற்றோம். குறிப்பும் கட்டமும் இரண்டும் அனுமதிக்கும் விடையைத் தவறு என்று சொல்லப் புதிர் அமைப்பவருக்கு உரிமை இல்லை என்பதே காரணம். அவர் மனதில் இருந்தது எது என்பது தீர்ப்பவரின் பொறுப்பு அல்ல. நீக்கியிருந்தால், சரியாக எழுதியவருக்கு ‘உன் விடை கணக்கில் இல்லை’ என்று சொன்னதாக ஆகியிருக்கும்.

மாணிக்கத்தை ஏற்கவில்லை. விலை சொல்ல முடியாதவற்றில் மாணிக்கமும் ஒன்று, அவ்வளவுதான். குறிப்பு அந்தச் சொல்லை விளக்கவில்லை. ஆனால் தவறான பக்கம் அழைத்துப் போனது எங்கள் குறிப்பு. அதனால் 19-ஐ எல்லோருக்கும் நீக்கினோம். இந்த ஒரு முடிவில் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. இலவசம் என்று சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு அது ஒரு இழப்புதான்.

முதலில் கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்கவில்லை. புதிதாகத் தேறியவர்களுக்குள் இரண்டாவது சீட்டுக் குலுக்கினோம். செலவை நானும் சாரும் பகிர்ந்துகொண்டோம். ஆனி இதழில் அரைப் பக்கத்துக்கு நடந்ததை அப்படியே எழுதினோம். ‘அச்சுப்பிழை’ என்று ஒரு வரியில் முடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிழை அச்சில் இல்லையே, அதனால் அப்படிப் போடவில்லை.

பிறகு நடந்தவை

சீட்டில் ஆசிரியையின் பெயர் வரவில்லை. விழுப்பம் எழுதிய ஒரு கல்லூரி மாணவிக்குப் போனது.

சார் இரண்டு மாதம் புதிர் போடவில்லை. சோர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். உண்மையில் பழைய புதிர்களை எடுத்து வைத்து, எந்தெந்தச் சந்திப்பு ‘ம்’-இல் விழுகிறது என்று வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே புதிரில் ஒன்பது இருந்தது. தான் நிகண்டு வழியில் பழகியதுதான் காரணம் என்றார். நிகண்டில் ஒரு பொருளுக்கு உரிய பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை எடுப்பது பழக்கமாகிவிடும். மனப்பாடத்துக்கு அது சரி. புதிருக்கு, அந்த வரிசையில் இந்தச் சொல் மட்டும் ஏன் என்று குறிப்பு சொல்ல வேண்டும்.

ஆவணி முதல் புதிர் அச்சுக்குப் போகுமுன் விடையில்லாத வெறும் கட்டம் இரண்டு பேருக்குப் போகிறது. ஒருவர் ஆசிரியை. இன்னொருவர் பத்தாம் வகுப்புப் படிக்கும் நூலகருடைய மகன். இருவரும் ஒரே விடையை எட்டினால்தான் குறிப்பு நிற்கும்.

இதிலும் ஒரு கெடுதல் வந்தது. பயத்தில் குறிப்புகள் நீண்டுபோயின. ஆவணிப் புதிரில் ஒரு குறிப்பு மூன்று வரி. விடையை வாயில் ஊட்டுவது போல இருந்தது. வாசகர் ஒருவர் நூலக வாசலில் நிறுத்தி, “என்ன சார், பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கு” என்று கேட்டுவிட்டார். சரியான பேச்சு. ஐப்பசிக்குள் அதைக் குறைத்தோம்.

மாற்ற வேண்டியவை

இன்று அதே புதிரை அமைத்தால், 7-இன் கீழே இறங்கும் சொல்லை மூன்றாம் கட்டத்துக்கு மாற்றுவேன். மதிப்பின் மூன்றாம் எழுத்து ‘ப்’. அங்கே ‘தப்பு’ போல இரண்டாம் எழுத்து ‘ப்’ ஆன சொல் ஒன்று இறங்கினால், பெறுமதியின் ‘ம’ அங்கே நுழையவே முடியாது. குறிப்பை மாற்றாமலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். மீதிப் பாதிக்குச் சார் திருத்திய குறிப்புகள் இவை. விலைக்கு ‘விற்பவர் வாயில் முதலில் வருவது (2)’. மதிப்புக்கு ‘நகைக்கு உரைத்துச் சொல்வது, பெரியவருக்குக் கொடுப்பது (4)’. பெறுமதிக்கு ‘யாழ்ப்பாணத்தில் கடைச்சீட்டில் வரியோடு சேர்வது (4)’. கடைசியில் உள்ளது கார்த்திகை இதழில் வந்தது. ஆசிரியையிடம் அந்தக் கட்டத்தைச் சோதிக்கக் கொடுக்கவில்லை, அவர் வாசகராகவே அதைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

திருத்தும் முறையிலும் ஒரு மாற்றம் உண்டு. பட்டியலில் இல்லாத விடை இரண்டு தாள்களுக்கு மேல் ஒரே மாதிரி வந்தால் சிவப்பு மை எடுப்பதில்லை. தனியே வைத்துவிட்டுச் சாரிடம் காட்டுகிறேன்.

தீராத ஒன்று பாக்கி இருக்கிறது. மவுசு என்பதை ‘மௌசு’ என்று எழுதி, ஒரு கட்டம் மிச்சம் என்று அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தார் ஒரு வாசகர். ஔகாரத்தை ஒரு கட்டமாக எண்ணுவதா, ‘அவு’ என்று பிரித்து இரண்டாக எண்ணுவதா என்று இதழில் நாங்கள் இதுவரை எழுதி வைத்ததில்லை. தை மாதக் கூட்டத்தில் அதை எடுத்திருக்கிறோம்.